எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ?

ஆராய்ச்சி எண்டால் படிச்ச ஆக்கள் கேள்வி கேக்கிறது. அவை கேட்டு முடியுமட்டும் நாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆள்தான் நான்.

உத்தியோகப் பேர் கள உதவியாளர். பேர் சுகந்தி. கிளிநொச்சியிலை இருந்துகொண்டு, கம்பஸ் ஆக்கள், கொழும்பு ஆக்கள், வெளிநாட்டு ஆக்கள் எண்டு ஆர் வந்தாலும் ஸ்கூட்டியிலை முன்னுக்குப் போய் வழி காட்டுவன். படலையைத் திறப்பன், நாயைப் பிடிப்பன், இவை நல்ல ஆக்கள், உங்கட நிவாரணத்தை வெட்ட வந்தவையில்லை எண்டு வீட்டுக்காரருக்குச் சொல்லுவன். பொருளாதாரத்துக்கு ஒரு கூட்டம், மண்ணுக்கு ஒரு கூட்டம், மனதுக்கு ஒரு கூட்டம் எண்டு வருவினம். அவையளுக்கு அது வேறை வேறை படிப்பு. எனக்கு எல்லாம் ஒரே வெயில். இதே வேலையிலை நிண்டு முழங்கால் சிரட்டை தேய்ஞ்ச கூட்டாளிமாரே, உங்களுக்குச் சொல்லாமல் நான் இதை வேறை ஆருக்குச் சொல்லுறது.

பெட்டியும் புள்ளடியும்

வட்டக்கச்சிப் பக்கம் ஒரு ஒழுங்கை இருக்குது. எந்த ஆராய்ச்சி வந்தாலும் முதல் அங்கைதான் கூட்டிக்கொண்டு போறனான். பெரிய காரணம் ஒண்டுமில்லை. ஒழுங்கைத் தொங்கலிலை இருக்கிற தவமணி அக்கா முகத்தைச் சுளிக்காமல் கதிரை எடுத்துப் போடுவா. அவாவின்ரை மனுசன் இராசதுரை அண்ணை நெல்லு விதைக்கிறவர். தேத்தண்ணி குடியாமல் ஒருத்தரையும் படலை தாண்ட விடமாட்டார். அவருக்குக் கிட்னி வருத்தம். மாதாமாதம் கிளினிக் போறவர், வயலுக்கு இறங்கிறதையும் குறைச்சுப்போட்டார். ஒரே மகள் கவிதா, மாங்குளத்திலை கலியாணம் கட்டிப் போயிட்டாள். ஜிம்மி எண்டு ஒரு நாயும் நிக்குது. அது ஊரிலை என்னை மட்டும்தான் கடிக்காது.

ஒருக்கா பொருளாதார ஆராய்ச்சிக்கு ஒரு சேர் வந்தார். கேள்விக்கொத்து தலையணை மொத்தம். போன கிழமை எத்தினை முட்டை வாங்கினது, எத்தினை கறி காய்ச்சினது, ஆர் சமைச்சது, ஆர் முதல் சாப்பிட்டது எண்டு கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பெட்டியிலையும் புள்ளடி போட்டார். இடம்பெயர்ந்து முகாமிலை கிடந்த காலம் தொட்டு ஆர் வந்து என்ன கேட்டாலும் பதில் சொல்லிப் பழகின சனம்தானே. அக்கா அரிசி புடைச்சபடி எல்லாத்துக்கும் பதில் சொன்னா. நான் ஜிம்மியின்ரை கழுத்தைப் பிடிச்சபடி தூங்கி விழுந்தன்.

முடிஞ்சுது எண்டு சேர் எழும்ப, அக்கா தன்ரை கேள்வியைக் கேட்டா. எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ? கேத்திலுக்கை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படியுது, மனுசனும் இப்பிடி வருத்தக்காரனாப் போச்சுது, இந்தத் தண்ணியாலையோ தெரியேல்லை, ஆரிட்டைக் கேக்கிறது எண்டும் தெரியேல்லை. சேர் பாவம், தாளைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தார். அது தன்ரை ஆராய்ச்சிக்கை வராது எண்டார். அக்கா கோவிக்கேல்லை. சுளகைத் தட்டி வைச்சுப்போட்டுக் கேட்டா:

"நீங்கள் கேட்டதுக்கெல்லாம் பெட்டி இருக்குது சேர். நான் கேட்டதுக்கு எந்தப் பெட்டியிலை புள்ளடி போடுவியள்?"

சீட்டு விழாத வீடு

அதே சேர்தான். எல்லா வீட்டுக்கும் போகமாட்டாராம். கொம்பியூட்டர் சீட்டுக் குலுக்கின மாதிரி வீடுகளைத் தெரிஞ்சு குடுக்கும், அந்த வீட்டுக்கு மட்டும்தான் போகலாம், அப்பத்தான் ஆராய்ச்சி நடுநிலையா இருக்கும் எண்டார். எனக்கு விளங்கிச்சுது. தவமணி அக்காவின்ரை பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவுக்குத்தான் விளங்கேல்லை. எங்கட வேலியைத் தாண்டிப் போன சேர் எங்கட படலையைத் திரும்பியும் பாக்கேல்லை, அப்ப நாங்கள் ஆக்கள் இல்லையோ எண்டு மனுசி முகத்தை நீட்டிக்கொண்டு நிண்டா. தவமணி அக்காவோடை கதைக்கிறதையும் விட்டிட்டா. கொம்பியூட்டர் செய்த வேலைக்கு ரெண்டு வீடு கோவம்.

கடைசியிலை நான்தான் சேரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போய், கதிரையிலை இருத்தி, எல்லாக் கேள்வியையும் கேக்கப் பண்ணினன். சேர் கேட்டார், எழுதினார், கூட்டிவந்த வானுக்குள்ளை ஏறின உடனை அந்தத் தாளை மடிச்சு ஒரு பக்கம் வைச்சார். கணக்கிலை சேராதாம். பாக்கியம் அக்காவுக்கு அது தெரியாது. அவா சந்தோசமா வேலிக்கு மேலாலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னா:

"பாத்தியே பிள்ளை, எங்கட வீட்டு முட்டையும் முட்டைதான் எண்டு இப்பவாவது எழுதினார்."

மண்ணுக்கு வந்தவர்

வன்னியிலை நீங்கள் றோட்டிலை நிண்டு பாட்டுப் பாடலாம், ஆடலாம், ஒருத்தரும் திரும்பிப் பாராயினம். கிடங்கு மட்டும் கிண்டக்கூடாது. மண் ஆராய்ச்சிக்கு வந்த சேருக்கு அது தெரியாது. நல்ல மனுசன், இளம் விரிவுரையாளர். தவமணி அக்கா வீட்டு வளவிலை நிண்டு ஒரு திருகுற இரும்பை நிலத்துக்கை இறக்கத் தொடங்க, வேலி நீளத்துக்கும் சனம் கூடிப்போச்சு. சண்டைக் காலத்திலை தாட்ட தங்கமோ, வேறை ஏதுமோ எண்டு எல்லாருக்கும் கண் கிடங்குக்கைதான். ஆரோ கிராம சேவகர் ஜீ.எஸ்ஸுக்குப் போன் பண்ண, ஜீ.எஸ் பொலிசுக்குச் சொல்ல, அவையும் வந்து கிடங்கை எட்டிப் பாத்திச்சினம். கடிதத்தைக் காட்டி, மண்ணை அள்ளிக் காட்டி, நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினபிறகுதான் கூட்டம் கலைஞ்சுது. தங்கம் வரேல்லை எண்டு சனத்துக்குச் சரியான கவலை.

ஆனால் ஒண்டு சொல்லவேணும். சேர் ஒரு கட்டி மண்ணைக் கையிலை உடைச்சு, இந்தச் சிவப்பு இப்பிடி வந்தது, இந்தச் சாம்பல் நிறம் எண்டால் ஒரு காலம் தண்ணி நிண்ட இடம் எண்டு சொல்லேக்கை அவரின்ரை முகத்தைப் பாக்கவேணும். பிள்ளை பிறந்த வீட்டு முகம். வெயிலும் மறந்து நானும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிண்டனான். அந்த நேரம் பாத்துத் தவமணி அக்கா தன்ரை கேள்வியைக் கொண்டுவந்தா. சேர் தலையைச் சொறிஞ்சார். தான் மண் மட்டும்தானாம். தண்ணிக்கு வேறை பகுதி, வேறை ஆக்களாம். அக்கா கிணத்தடிப் பக்கம் ஒருக்கா திரும்பிப் பாத்தா.

"மண்ணுக்கு ஒரு ஆள், தண்ணிக்கு ஒரு ஆள். ரெண்டும் இந்த ஒரு கிணத்துக்கைதானே பிள்ளை கிடக்குது?"

மனதை அளக்க வந்தவா

மனநல ஆராய்ச்சிக்கு ஒரு மிஸ் வந்தவா. மெல்லிய குரல், ஆரைப் பாத்தாலும் இரக்கம். கேள்வியள் எங்கையோ வெளிநாட்டிலை செய்து தமிழுக்கு மாத்தினது. கடந்த ரெண்டு கிழமையிலை உங்களுக்குக் கவலை வந்ததோ: ஒருபோதும் இல்லை, சில நாள், பல நாள், ஒவ்வொரு நாளும். ஒழுங்கை முழுக்க 'ஒருபோதும் இல்லை' எண்டுதான் பதில். வீடு வாசல், உறவு எல்லாத்தையும் துலைச்சுப்போட்டு வந்த சனம், உலகத்திலை எங்களைப்போலச் சந்தோசமான ஆக்கள் இல்லை எண்ட மாதிரிச் சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சினம். மிஸ்ஸுக்கே ஐமிச்சம் வந்திட்டுது.

இராசதுரை அண்ணையிட்டை, நித்திரை வருதோ எண்டு கேட்டா. வடிவா வருது எண்டார். சாப்பாடு பிடிக்குதோ எண்டா, பிடிக்குது. மனதிலை பாரம் ஏதும்? கடவுள் புண்ணியத்திலை ஒண்டுமில்லை. தேத்தண்ணியும் வாழைப்பழமும் குடுத்து, மிஸ்ஸைப் படலை மட்டும் கொண்டுபோய் விட்டிட்டு வந்தார். நான் மறந்துபோன ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பி வந்தால், மனுசன் கதிரையிலை தலையைக் கையிலை குடுத்துக்கொண்டு இருக்கிறார். கன நாளா நித்திரை இல்லைப் பிள்ளை, இந்த வருத்தம் என்னைக் கொண்டுபோனால் இவள் தவமணி என்ன செய்வாள் எண்டு யோசனை எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. பின்னை ஏன் அந்த மிஸ்ஸிட்டை அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு கேட்டன்.

"அந்தப் பிள்ளை எவ்வளவு தூரத்தாலை வந்தது. எங்கட கவலையைச் சொல்லி அதையும் அழப்பண்ணியோ அனுப்புறது?"

போத்தில் வந்த நாள்

அந்தக் கதையை மிஸ்ஸுக்குப் போனிலை சொன்னனான். வந்த ஆளின்ரை மனம் நோகாமல் பதில் சொல்லுறதுக்கும் தங்கட படிப்பிலை ஒரு பேர் இருக்குது எண்டா. நீட்டுப் பேர். போனை வைக்க முந்தி எனக்கு மறந்துபோச்சு.

பிறகு ஒருநாள், வருது வருது எண்ட தண்ணி ஆராய்ச்சி வந்தே விட்டுது. நான் ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு முதல் தவமணி அக்காட்டைத்தான் ஓடினன். கிணத்துத் தண்ணி குடிக்கக் கூடாது எண்டு ஆராய்ச்சி சொன்னால் அந்த ஒழுங்கைக்கே ஒரு தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட் போடுவினம் எண்டு கதை. அதுவரைக்கும், குடிக்கிறதுக்குச் சந்தியடிப் பிளான்டிலைதான் பிளாஸ்ரிக் கானிலை பிடிச்சு வாறது. இராசதுரை அண்ணை அந்த வருத்தத்தோடை சைக்கிள் கரியரிலை கானைக் கட்டி மூசி மூசி மிதிச்சு வாறதைப் பாத்தால் நெஞ்சு பதறும். கவிதாவும் அப்ப வயித்துப் பிள்ளையோடை. பிள்ளைப்பேறுக்குத் தாய் வீட்டுக்குத்தான் வரப்போறாள். அக்கா அண்டைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா.

தண்ணி சேருக்கு ஒரு மிசின் இருந்தது. அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கண் மினுங்கும். ஒரு துளிக்கை ஒளிச்சிருக்கிற உப்பையும் பிடிச்சுப்போடுமாம். படலை படலையா இறங்கி ஏறத்தான் அவருக்கு நேரம் இல்லை. வானுக்குள்ளை இருந்தபடியே வீட்டுக்கு வீடு வெள்ளைப் போத்தில் ஒண்டைக் குடுத்து, விடியக் கிணத்திலை அள்ளி நிரப்பி வையுங்கோ, வந்து எடுப்பம் எண்டுபோட்டுப் போனார். அடுத்தநாள் தவமணி அக்கா மகளைப் பாக்க மாங்குளம் போயிட்டா. இராசதுரை அண்ணைதான் வெள்ளை வேட்டியோடை படலையிலை நிண்டவர். ஒழுங்கை முழுக்கப் போய், நேரத்துக்கு நிரப்புங்கோ, வாற ஆக்களிட்டை எங்கட மானம் போகக்கூடாது எண்டு சொல்லி வைச்சதும் அவர்தான். எல்லாப் படலையிலையும் போத்தில் துடைச்ச துடைப்பிலை பளபளத்துக்கொண்டு இருந்தது. சேர் ஒண்டை வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்துப்போட்டு என்னைப் பாத்தார்.

"இவ்வளவு ஒழுங்கான சனத்தை நான் ஒரு இடத்திலையும் காணேல்லை, சுகந்தி."

பயப்பிடாமல் குடியுங்கோ

எங்கட தொழிலிலை ஆக்கள் வருவினம், முடிவு வராது. உங்களுக்கும் தெரியும். அந்த முடிவு எங்கை எண்டு கடைச் சந்தியிலை சனம் மறிச்சுக் கேக்கிறது எங்களைத்தான். ஆனால் தண்ணி சேர் சொன்னபடி முடிவோடை திரும்பி வந்தார். அந்த மரியாதையை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். பொதுநோக்கு மண்டபத்திலை கூட்டம் வைச்சு, திரையிலை படம் போட்டு, பச்சைப் பச்சையாக் கோடு காட்டினார். ஒழுங்கையிலை எல்லாக் கிணறும் நல்ல கிணறாம். ஆகவே பிளான்ட் இஞ்சை தேவையில்லை, கூடாத தண்ணி இருக்கிற வேறை ஊருக்குப் போகுது.

தவமணி அக்கா எழும்பினா. அப்ப கேத்திலுக்கை படியிறது என்ன சேர் எண்டு கேட்டா. அது கொஞ்சக் கல்சியம், கவலைப்படாதையுங்கோ எண்டார். எத்தினையோ பேரிட்டைக் கேட்டு அலுத்த கேள்விக்கு முதல்தரமா ஒரு ஆள் பதில் சொல்லுது. அக்காவின்ரை முகம் விடிஞ்சுபோச்சு. அண்டையோடை கான் அள்ளுறது நிண்டுது. அண்ணையின்ரை சைக்கிள் சுவரிலை சாஞ்சுது. கவிதா பெரிய வயித்தோடை வந்து சேர்ந்தாள். அவளும் கிணத்துத் தண்ணிதான், கஞ்சியும் அதிலைதான். அக்கா ஒருக்காத்தான் திரும்பவும் கேட்டவா, கூட்டம் கலையேக்கை, வாசலிலை வைச்சு, உண்மையாக் குடிக்கலாமோ எண்டு. சேர் சிரிச்சார்.

"மிசின் பொய் சொல்லாதம்மா. பயப்பிடாமல் குடியுங்கோ."

குசினி ஆராய்ச்சி

இதுக்குப் பிறகு வந்ததுதான் துவாரகா. சமூகவியலிலை பெரிய பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை. கேள்விக்கொத்து இல்லை, போத்தில் இல்லை, மிசின் இல்லை. வட்டக்கச்சியிலை ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தவமணி அக்காவின்ரை குசினியிலை வந்து குந்தும். தேங்காய் துருவும், வெங்காயம் உரிக்கும், ஊர்க்கதை கேக்கும், திரும்பிப் போகும். நானும் பாத்தன், பாத்தன், கேள்வி ஒண்டும் வரேல்லை. ஆக்களோடை ஆக்களா இருந்து பாக்கிற முறையாம். கண்டறியாத முறை. சும்மா குந்தி இருக்கிறதுக்குக் கம்பஸ் பட்டம் குடுக்குமெண்டால் எங்கட ஜிம்மி இப்ப பேராசிரியர்.

ஒருநாள் கவிதாவின்ரை மாமன் மாமி மாங்குளத்திலை இருந்து வந்திச்சினம். நானும் அங்கை நிண்டனான். அக்கா வாளித் தண்ணியைக் கேத்திலுக்கை ஊத்தப் போக, இராசதுரை அண்ணை குசினி வாசலிலை வந்து நிண்டு, அதை விடு, மூலையிலை கான் இருக்குது, அதிலை ஊத்து எண்டார். வாற ஆக்களுக்கெண்டு ஒரு கானைச் சந்தியடியிலை இருந்து எடுப்பிச்சு ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறார். துவாரகா தேங்காய் துருவினபடியே தலை நிமிராமல் கேட்டுது, ஏன் ஐயா, கிணத்துத் தண்ணிதான் நல்லதெண்டு கூட்டத்திலை சொன்னவையாமே. அண்ணைக்குச் சிரிப்பு வந்திட்டுது. என்ன இருந்தாலும் எங்கட கிணத்துத் தண்ணியை வெளி ஆக்களுக்குக் குடுக்க மனம் வருமோ எண்டார். பிறகு, ஏதோ எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரணக் கதை மாதிரிச் சொன்னார்:

"வாற ஆக்களுக்கு நல்லதைத்தானே பிள்ளை குடுக்கிறது. அண்டைக்கு அந்தப் போத்திலுக்கும் நான் கான் தண்ணிதான் நிரப்பினனான். ஒழுங்கையிலை எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

வாளி

தேங்காய் துருவுற சத்தம் நிண்டுது. கவிதா கையிலை தண்ணிப் பேணி. அதைக் குடிக்கவும் இல்லை, கீழை வைக்கவும் இல்லை, அப்பிடியே வைச்சுக்கொண்டு தகப்பனைப் பாத்தாள். சம்பந்தி வீட்டார் முன் விறாந்தையிலை இருக்கினம், மனுசனை ஏசவும் ஏலாது. அண்ணை எங்கள் எல்லாற்றை முகத்தையும் மாறி மாறிப் பாத்தார். தான் சொன்னது அப்பத்தான் அவருக்கே விளங்கத் தொடங்கிச்சுது. அவரைக் கோவிக்க எனக்கு மனம் வரேல்லை. அவர் ஏமாத்த நினைக்கேல்லை. படிச்ச ஆக்கள் ஒழுங்கை தேடி வந்து தண்ணி கேட்டிருக்கினம், வீட்டிலை இருக்கிறதிலை திறமானதைக் குடுத்து விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கோவம் எல்லாம் தண்ணி சேரிலை திரும்பிச்சுது. வளவுக்குள்ளை நிண்டே போன் எடுத்தன். முதல் நம்பமாட்டன் எண்டார். பிறகு, கட்டுரை எழுதி அனுப்பியாச்சு, அந்த ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சு, இனித் தொடங்கிறது லேசில்லை எண்டு இழுத்தார். எனக்கு வாய் பொறுக்கேல்லை. வாற மாதம் இந்தப் பிள்ளைக்குப் பேறு, அவள் உங்கட வாய்ச்சொல்லிலைதான் அந்தத் தண்ணியைக் குடிச்சவள், நீங்கள் வராட்டில் நானே அள்ளிக்கொண்டு உங்கட வாசலுக்கு வருவன் எண்டன். போன் கட்டாச்சு. என்ரை உத்தியோகமும் அதோடை கட்டாச்சு எண்டு நினைச்சன். அடுத்தநாள் காலமை ஒழுங்கை முகப்பிலை அவரின்ரை சொந்தக் கார் நிக்குது.

அண்டைக்குச் சேருக்குக் கஸ்டமாப் போன வேலை இராசதுரை அண்ணையைத் தடுக்கிறதுதான். அண்ணை போத்திலைச் சுடுதண்ணியிலை கழுவித் தாறன் எண்டு ஒரு பக்கம், வாளியைப் புளி போட்டு மினுக்கித் தாறன் எண்டு இன்னொரு பக்கம். சேர் ஒண்டுக்கும் விடேல்லை. காற்சட்டையை மடிச்சு விட்டுக்கொண்டு, தானே வாளியை இறக்கி, தானே அள்ளி, தானே நிரப்பினார். பிறகு ஒவ்வொரு படலையாப் போனார். நான் ஒவ்வொரு நாயாப் பிடிச்சன். பாக்கியம் அக்கா வீட்டு நாயைப் பிடிக்கக் கொஞ்சம் பிந்திப்போச்சு, சேரின்ரை காற்சட்டைக் கரை கிழிஞ்சுது. எல்லாம் முடிய, வேர்த்து விறுவிறுத்து வந்து கிணத்துக்கட்டிலை இருந்தார்.

"மிசின் பிழை விடேல்லை, சுகந்தி. நான்தான் வானை விட்டு இறங்கேல்லை."

தெரியாது

புது முடிவோடை திரும்பவும் அதே மண்டபம், அதே கதிரையள். படம் ஒண்டும் போடேல்லை. சேர் எழும்பி நிண்டு, போனமுறை நான் உங்களுக்குச் சொன்னது பிழை எண்டார். இந்த ஒழுங்கைக் கிணறுகளிலை குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். அனுப்பின கட்டுரையையும் திருப்பி எடுத்திட்டாராம். தண்ணி குடுத்த ஆக்களிலை ஒரு பிழையும் இல்லை, எடுத்த முறை பிழை எண்டு சொல்லேக்கை இராசதுரை அண்ணை இருந்த பக்கம் பாக்காமல் கவனமாச் சொன்னார். சனத்துக்குக் கை தட்டுறதோ விடுறதோ தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை. எத்தினை பேருக்கு வழி காட்டியிருப்பன், எத்தினை கூட்டத்திலை கதிரை அடுக்கியிருப்பன், படிச்ச மனுசன் ஒருத்தர் சனத்துக்கு முன்னாலை நிண்டு நான் பிழை எண்டதை அண்டைக்குத்தான் கண்டனான். இந்தக் கண்டறியாத ஆராய்ச்சிக்கும் ஒரு பெறுமதி இருக்குதுதான் எண்டு எனக்குள்ளை ஒரு குரல் சொல்லிச்சுது. அலுப்பிலை நான் அதுக்குப் பெரிசாக் காது குடுக்கேல்லை.

தவமணி அக்கா எழும்பினா. அப்ப இவருக்கு வருத்தம் வந்தது இந்தத் தண்ணியாலைதானோ எண்டு கேட்டா. ஓம் எண்டு சொல்லியிருந்தால் சனம் நம்பியிருக்கும், இல்லை எண்டாலும் நம்பியிருக்கும். சேர் தெரியாதம்மா எண்டார். அதுக்கு வைத்தியர்மாரும் சேர்ந்து வேறை ஒரு ஆராய்ச்சி செய்யவேணும், கனகாலம் எடுக்கும். அக்கா இருந்திட்டா. பிளான்டுக்குத் திருப்பி எழுதியிருக்குது. அது வருது, இன்னும் வந்துகொண்டுதான் இருக்குது. அதுவரைக்கும் அவையின்ரை கான் என்ரை ஸ்கூட்டியிலைதான் போகுது.

கவிதாவுக்குப் பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம், முருகா, வேறை என்ன வேணும். துடக்குக் கழிஞ்ச பிறகு பாக்கப் போனன். இராசதுரை அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். நான் வந்த ஆள் இல்லை அண்ணை, வீட்டு ஆள், இது எந்தத் தண்ணி எண்டு பகிடியாக் கேட்டன். மனுசன் சிரிக்கேல்லை. உள்ளை பிள்ளை சிணுங்கிற சத்தம் கேக்குது. ஜிம்மியின்ரை தலையைத் தடவினார்.

"வாசலுக்கு வந்த எல்லாருக்கும் நல்ல தண்ணி குடுத்தனான் பிள்ளை. வயித்துப் பிள்ளையோடை வந்த என்ரை மகளுக்குத்தான் அந்தக் கிணத்துத் தண்ணி."

அதாலை கூட்டாளிமாரே, இவ்வளவு காலம் வெயிலுக்கை நிண்டு நான் கண்டுபிடிச்ச ஒரே ஆராய்ச்சி முறை இதுதான்: நாயைக் கட்டுங்கோ, குசினியிலை குந்தி இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ, வாளியை மட்டும் வீட்டுக்காரரிட்டைக் குடுத்துப்போடாதையுங்கோ.